கரிசல் காட்டில் எலித் தொல்லை: ஊர் கூடி ஒழிக்கும் முறை

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து மானாவாரி விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு போகம்தான். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வளர்த்து, தை, மாசியில் வீடு கொண்டு வந்து சேர்க்க வேண்டும். ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் ஒரு போகம் கெட்டாலும் அடுத்த போகத்தில் ஓரளவு ஈடு செய்து கொள்ளலாம். கரிசல் காட்டில் அதற்கு வழி இல்லை. மழை ஏமாற்றினால் நாம் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. ஆனால் மழை பெய்து, பயிர் விளைந்து, கதிர் முற்றிய பிறகு எலிக்குப் பறிகொடுப்பதைத் தடுக்க முடியும்.

மக்காச்சோளம், சூரியகாந்தி விதைத்த இரவே எலி வரிசையைப் பிடித்துத் தோண்டி விதையைத் தின்று விடுகிறது. முளைக்காத இடத்தைப் பார்த்து விதை கெட்ட விதை என்று கடைக்காரரைக் குறை சொல்பவர்கள் உண்டு. மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதையின் மேல்தோல் மட்டும் கிடக்கும். கம்பு, சோளம், குதிரைவாலியில் தாளைக் கடித்துச் சாய்த்துக் கதிரை இழுத்துச் செல்லும். உளுந்து, பாசிப்பயறில் பச்சை நெற்றையே கடிக்கும். நிலக்கடலையில் மண்ணுக்குள்ளேயே காயைத் தின்னும். பருத்தி வெடித்த பிறகு கொட்டைக்காகச் சுளையைப் பிய்த்து, செடியடியில் பஞ்சைக் குவித்து வைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எலி நாள் ஒன்றுக்கு 10 கிராம் தானியம் தின்பதாகக் குறைத்தே வைத்துக் கொள்வோம். ஏக்கருக்கு 40 எலிகள் இருந்தால் ஒரு நாளைக்கு 400 கிராம். கதிர் பிடித்தது முதல் அறுப்பு வரை 45 நாட்களுக்கு 18 கிலோ. இது தின்பது மட்டும். கடித்துச் சாய்ப்பதும், வளைக்குள் சேர்ப்பதும், சிறுநீராலும் புழுக்கையாலும் பாழாக்குவதும் இந்தக் கணக்கில் வராது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்த இழப்பு சிறிதல்ல.

எந்த எலி, எந்த இடத்தில்?

எல்லா எலியும் ஒன்றல்ல. வளையைப் பார்த்தே எலியை அடையாளம் கண்டு கொள்ளலாம். அதற்கேற்ப முறையும் மாறும்.

வெள்ளெலி: முதுகு வெளிர் பழுப்பு, வயிறு வெள்ளை. வால் உடலை விட நீளம்; நுனியில் மயிர்க் குஞ்சம் இருக்கும். பின்னங்காலால் தாவி ஓடும். செவல், மணற்பாங்கான மேட்டு நிலம், தரிசு, ஓடைக்கரை ஆகியவற்றில் வளை தோண்டும். வளை வாய் வழவழப்பாகத் திறந்தே இருக்கும். ஒரு வளைக்குப் பல வாய்கள் உண்டு.

புல் எலி: மென்மையான மயிர் கொண்ட சிறிய எலி. கரிசல் மண் காய்ந்து வெடிக்கும்போது அந்த வெடிப்பே இதற்கு வீடு. ஆகவே வளை எதுவும் கண்ணில் படாத கரிசல் காட்டிலும் எலி இருக்கும். மழை பெய்து வெடிப்பு மூடியதும் பொழிகளுக்கும் மேட்டுக்கும் இடம் பெயரும்.

வயல் எலி: கரம்பை எலி, வரப்பெலி என்றும் கூறுவர். உடல் தடித்து, முகம் குட்டையாக, மயிர் முரட்டுத்தனமாக இருக்கும். கிணற்றுப் பாசனத் தோட்டம், வாய்க்கால் வரப்பு, கண்மாய்க் கரை போன்ற ஈரப்பாங்கான இடங்களில் வாழும். தோண்டிய பொடி மண்ணால் வளை வாயை மூடி வைத்திருக்கும். அந்த மண் குவியலே அடையாளம். வளைக்குள் தனி அறைகளில் கதிர்களைச் சேமித்து வைப்பது இதன் குணம்.

வயல் சுண்டெலி: மிகச் சிறியது. வரப்பில் சிறு துளையும், பக்கத்தில் உருண்டை உருண்டையாகச் சிறு மண் கட்டிகளும் காணப்படும்.

பெருச்சாளி: இது வயலை விட வீட்டை ஒட்டியே அதிகம். சாக்கடை ஓரம், மாட்டுத் தொழுவம், சுவர் அடி ஆகியவற்றைத் தோண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவை மூன்று முதல் நான்கு வாரத்தில் குட்டி ஈனும். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகளும் அதற்கு மேலும் உண்டு. அந்தக் குட்டிகள் சுமார் மூன்று மாதத்தில் தாமும் இனப்பெருக்கத்துக்கு வந்து விடும். மழைக்குப் பின் புல்லும் பயிரும் பெருகும்போது எலியும் பெருகும். உணவுதான் எலியின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. இதற்குப் பெரிய உதாரணம் மிசோரம். அங்கே சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை மூங்கில் காடு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்து விதை கொட்டும். 1959ல் அப்படிக் கொட்டிய விதையைத் தின்று பெருகிய எலிகள் பின்னர் வயல்களில் இறங்கி, பஞ்சமே உண்டாயிற்று. நம் காட்டில் மூங்கில் இல்லை. ஆனால் அறுத்த பின் சிதறிக் கிடக்கும் கதிரும், களத்தில் சிந்தும் தானியமும், பராமரிப்பற்ற தரிசின் புல் விதையும் அதே வேலையைச் செய்கின்றன.

ஒருவர் மட்டும் மருந்து வைத்தால் போதாதா?

போதாது. எலிக்குப் பட்டா எண் தெரியாது. ஒருவர் தன் இரண்டு ஏக்கரில் நஞ்சு வைத்து எலியை ஒழிக்கிறார். பக்கத்துக் காட்டில் யாரும் வைக்கவில்லை. சில வாரங்களில் அங்கிருந்து எலிகள் வந்து காலியான வளைகளில் குடியேறி விடுகின்றன. மருந்துச் செலவும் உழைப்பும் வீண். மருந்து கலப்படம் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

இந்த வட்டாரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிலம் வைத்திருப்போரில் பலர் திருப்பூர், சென்னை, சிவகாசி என்று பிழைப்புக்குச் சென்று விட்டனர். அவர்களுடைய புஞ்சை சீமைக் கருவேலம் மண்டித் தரிசாகக் கிடக்கிறது. பகலில் எலி அங்கே தங்குகிறது; இரவில் விளைந்த காட்டுக்கு வருகிறது. ஆகவே தரிசையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளில் நெல் விவசாயிகளோடு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் 1990களிலும் அதற்குப் பிறகும் செய்த பணிகளில் வற்புறுத்தப்பட்ட பாடமும் இதுவே. பயிரின் தொடக்கத்திலேயே, எலி பெருகும் முன், ஊரார் ஒன்றாக இறங்கினால் குறைந்த செலவில் பலன் கிடைக்கிறது. நம் நாட்டில் எலிக் கட்டுப்பாட்டுக்கென்றே அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் 1977ல் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. வறண்ட நிலத்துக்கும் எலிக்கும் உள்ள தொடர்பு அத்தகையது.

எப்போது செய்ய வேண்டும்?

சேதம் கண்ணில் பட்ட பிறகு இறங்குவதே பெரும்பாலோர் வழக்கம். கதிர் முற்றிய காலத்தில் எலிக்கு நல்ல தீனி வயலிலேயே இருக்கிறது. நாம் வைக்கும் நஞ்சுணவை அது ஏறெடுத்தும் பாராது. எண்ணிக்கையும் அப்போது உச்சத்தில் இருக்கும்.

முதல் சுற்று: வைகாசி முதல் ஆவணி வரை, விதைப்புக்கு முன். நிலம் வெறுமையாக இருக்கும், தீனி குறைவு, எலி எண்ணிக்கையும் குறைவு. வளைகள் நன்றாகத் தெரியும். பசியோடு இருக்கும் எலி வைத்ததைத் தின்னும். இந்தச் சமயத்தில் ஒரு தாய் எலியைக் கொல்வது தையில் பல எலிகளைக் கொல்வதற்குச் சமம்.

இரண்டாம் சுற்று: விதைத்த 30 முதல் 45 நாட்களுக்குள், கதிர் அல்லது காய் பிடிக்கும் முன். மழை ஓய்ந்த சில நாட்களைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

மூன்றாம் சுற்று: அறுப்புக்குப் பின் களத்திலும், படப்பைச் சுற்றியும், வீட்டைச் சுற்றியும். இதில் பொறியே முக்கியம்.

நஞ்சு இல்லாமல் செய்யக் கூடியவை

1. கோடை உழவு: சித்திரை, வைகாசியில் ஒரு மழை கிடைத்ததும் ஆழ உழ வேண்டும். வளைகள் சிதையும், வெடிப்புகள் மூடும், குட்டிகள் அழியும். மண்ணில் ஈரம் காக்கவும் இது உதவும்.

2. பொழியைச் சிறிதாக்குதல்: அகலமான, உயரமான வரப்பில்தான் எலி வளை தோண்டும். தோட்ட நிலத்தில் வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் வைத்தால் வளைக்கு இடம் குறையும். மண் அரிப்பைத் தடுக்கச் சரிவில் போட்ட சம உயர வரப்பை மட்டும் குறைக்கக் கூடாது. அதில் புல்லைச் செதுக்கி, வளைகளைக் கவனித்து வந்தால் போதும்.

3. சுத்தம்: பருத்திமாரையும் சோளத்தட்டையையும் காட்டிலேயே குவித்து வைக்கக் கூடாது. பொழி ஓரத்துச் சீமைக் கருவேலத்தைத் தூரோடு அகற்ற வேண்டும். வெட்டிய முள்ளைப் பொழி மேலேயே போட்டால் எலிக்கு வேலி கட்டிக் கொடுத்தது போலாகும். பொழிக்குத் தீ வைப்பது வேண்டாம். பக்கத்துக் காட்டுப் படப்புக்கும் பயிருக்கும் ஆபத்து.

4. தோண்டிப் பிடித்தல்: எலி பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கூலி கொடுத்துப் பிடிக்கச் செய்வது கைகண்ட முறை. ஒரு வாயைத் தவிர மற்ற வாய்களை அடைத்து, புகை செலுத்தி, திறந்த வாயில் வலையோ கூடையோ வைத்துப் பிடிக்கிறார்கள். வட மாவட்டங்களில் இருளர் மக்கள் பானையில் புகை மூட்டி வாயால் ஊதுவது பழைய வழக்கம். அதனால் கையும் வாயும் வெந்து, நெஞ்சு நோயும் வந்தது. இதைத் தவிர்க்கக் கையால் சுற்றும் விசிறி பொருத்திய இரும்புப் புகைக் கருவி உருவாக்கப்பட்டு, அத்திட்டத்துக்கு 2003ல் உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தைப் போட்டியில் பரிசும் கிடைத்தது. இந்த முறையில் மயிலுக்கோ பாம்புக்கோ நஞ்சால் தீங்கில்லை. எலி செத்ததா இல்லையா என்ற சந்தேகமும் இல்லை.

5. கிட்டி: மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியை வளை வாயின் அருகிலும் எலி நடமாடும் தடத்திலும் மாலையில் வைத்துக் காலையில் எடுக்க வேண்டும். ஏக்கருக்கு 40 கிட்டிகள் வரை வைக்கலாம். எலி விழுந்த கிட்டியை ரத்தக்கறை போகக் கழுவிய பிறகே மீண்டும் வைக்க வேண்டும்.

6. ஆந்தைக் குடில்: ஆங்கில டி எழுத்துப் போல் குறுக்குக் கட்டை அடித்த கம்புகளை ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நட்டால் இரவில் ஆந்தை வந்து அமரும். கூகை ஓர் இரவில் ஒன்று முதல் மூன்று எலி வரை பிடிக்கும். மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைக்கென்று பெட்டிகள் கட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். நம் ஊரில் கூகை அலறினால் கேடு என்று விரட்டுகிறோம். கேடு எலிக்குத்தான். கதிர் முற்றும் சமயம் பகலில் தானியம் தின்னும் பறவைகள் அமராதிருக்கக் கம்புகளைப் பிடுங்கி விடலாம். சாரைப்பாம்பையும் கீரியையும் கண்டால் அடிக்காமல் விடுவதும் எலி ஒழிப்புதான்.

உயிர் வளையைக் கண்டறிதல்

கண்ணில் படும் வளை எல்லாவற்றிலும் எலி இருக்காது. நஞ்சுணவை எல்லா வளையிலும் போடுவது வீண் செலவு, ஆபத்தும் கூட. முதல் நாள் மாலை எல்லா வளை வாய்களையும் மண்ணால் அடைத்து விட வேண்டும். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவையே உயிர் வளைகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, எண்ணிக் குறித்துக் கொள்ள வேண்டும். இந்த எண்ணிக்கை கையில் இருந்தால்தான் எவ்வளவு மருந்து தேவை, வைத்த பிறகு எவ்வளவு பலன் என்பது தெரியும்.

நஞ்சுணவு வைக்கும் முறை

துத்தநாகப் பாஸ்பைடு என்னும் கறுப்புத் தூள் உடனடியாகக் கொல்லும் நஞ்சு. எலியின் வயிற்று ஈரம் பட்டதும் பாஸ்பின் என்ற நச்சு வாயு உண்டாகி எலி இறக்கிறது. ஆனால் எலி சந்தேகப் பிராணி. புதிய உணவை முதலில் சிறிது தின்று பார்க்கும். தின்று உடல் நலிந்து பிழைத்த எலி பின்னர் அந்த மருந்தைத் தொடவே தொடாது. ஆகவே நஞ்சு கலவாத உணவை முதலில் வைத்துப் பழக்குவது அவசியம்.

முதல் நாள்: மாலையில் வளைகளை அடைத்தல்.

இரண்டாம் நாள்: காலையில் உயிர் வளைகளை எண்ணுதல். மாலையில் ஒவ்வொரு உயிர் வளையிலும் வெறும் உணவு 10 முதல் 15 கிராம் வைத்தல். உடைத்த கம்பு, சோளம் அல்லது அரிசிக் குருணை 98 பங்குக்கு 2 பங்கு கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் கலந்தால் போதும். அந்த வட்டாரத்து எலி எந்தத் தானியத்தை விரும்புகிறதோ அதையே வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: மாலையில் மீண்டும் வெறும் உணவு.

நான்காம் நாள்: மாலையில் நஞ்சுணவு. தானியம் 96 பங்கு, எண்ணெய் 2 பங்கு, துத்தநாகப் பாஸ்பைடு 2 பங்கு. அதாவது ஒரு கிலோ நஞ்சுணவுக்குத் தானியம் 960 கிராம், எண்ணெய் 20 கிராம், மருந்து 20 கிராம். முதலில் தானியத்தில் எண்ணெயைப் பிசிறி, பிறகு மருந்தைத் தூவி, நீளமான குச்சியால் கிளற வேண்டும். 10 கிராம் வீதம் காகிதத்தில் மடித்து, வளைக்குள் முழங்கை ஆழத்துக்குக் குச்சியால் தள்ளி, வாயை மண்ணால் மூடி விட வேண்டும். ஒரு கிலோ 100 வளைகளுக்குக் காணும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே வைத்து விட வேண்டும். மழை வரும் போலிருந்தால் ஒத்திப் போட வேண்டும். ஈரம் பட்டால் மருந்து வீரியம் இழக்கும், வாயுவும் வெளிப்படும்.

ஐந்தாம் நாள்: விடிந்ததும் நாய், காகம் வரும் முன்னரே காட்டைச் சுற்றி வந்து, வெளியே இறந்து கிடக்கும் எலிகளைக் கம்பால் எடுத்து ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மிஞ்சிய நஞ்சுணவையும் புதைக்க வேண்டும். எல்லா வளைகளையும் அடைத்து, மறுநாள் திறந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்போதும் சில வளைகள் உயிரோடு இருந்தால் மீண்டும் துத்தநாகப் பாஸ்பைடு வைக்கக் கூடாது. அந்த எலிகள் அதை அறிந்து விட்டன. பத்து, பதினைந்து நாள் கழித்து, ஆயத்த நிலையில் கிடைக்கும் புரோமடையலோன் 0.005 சத நஞ்சுக் கட்டியை வளைக்கு 15 கிராம் வீதம் உள்ளே வைக்க வேண்டும். இது ரத்தம் உறைவதைத் தடுத்து, தின்ற சில நாட்களுக்குப் பிறகே எலியைக் கொல்வதால் எலிக்குச் சந்தேகம் வருவதில்லை. ஆனால் நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகைக்கும் கேடு செய்யும். ஆகவே மிஞ்சிய வளைகளுக்கு மட்டும் பயன்படுத்தி, செத்த எலிகளைத் தவறாமல் புதைக்க வேண்டும்.

மயிலும் மனிதரும்: கட்டாயம் கவனிக்க வேண்டியவை

நம் வட்டாரத்தில் மயில் பெருகியிருக்கிறது. அதனால் பயிருக்குச் சேதம் என்பதும் உண்மை. ஆனால் மயில் நமது தேசியப் பறவை. 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுவது. எலிக்கென்று பொழி மேல் இறைத்த நஞ்சுத் தானியத்தை மயில் தின்று செத்தாலும் வைத்தவர் வழக்கைச் சந்திக்க நேரிடும். சிறு விவசாயி ஒருவர் ஒரு கிலோ தானியத்தால் கோர்ட்டுக்கு அலையக் கூடாது. நஞ்சுணவு வளைக்குள்ளே மட்டும்தான். வளைக்கு வெளியே ஒரு மணி கூட விழக் கூடாது. பூச்சிமருந்தையும் குருணை மருந்தையும் தானியத்தில் கலந்து வைப்பது அறவே கூடாது. ஆடு, கோழி, நாய் எல்லாவற்றுக்கும் அது எமன்.

மருந்து கலக்கும்போது கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, காற்று வீசும் திசையைப் பார்த்து, திறந்த வெளியில் நிற்க வேண்டும். அப்போது வெற்றிலை, பீடி வேண்டாம். கலந்த பாத்திரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். மூன்று நாட்களுக்கு அந்தக் காட்டில் ஆடு மாடு மேய விடக் கூடாது என்று மேய்ப்பவர்களுக்கு முன்னரே சொல்லி விட வேண்டும்.

துத்தநாகப் பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. தவறிப் போய் யாராவது உட்கொண்டால் கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கழிக்காமல், 108 ஆம்புலன்சை அழைத்து, மருந்துப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக் கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். புரோமடையலோனுக்கு வைட்டமின் கே1 முறிவாகும். அதை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். மருந்தை வாங்கியதும் வீட்டு மாடத்திலோ அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மீதம் வைக்காதீர்கள். வீட்டில் ஒரு சண்டை, ஒரு மன வருத்தம் என்று வரும் வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த எலி மருந்தால் போன உயிர்கள் பல. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததும் இதன் பொருட்டே. எங்காவது மறைவாக விற்றாலும் வாங்க வேண்டாம்.

எலிக்கென்று வயலைச் சுற்றி மின்கம்பி கட்டுவது சட்ட விரோதம். எலிக்கு முன் மனிதர் சாக நேரிடும்.

கண்மாய்க் கரையில் எலி வளை

கண்மாய் நிறைந்து, விடிவதற்குள் கரை உடைந்தது என்ற செய்திக்குப் பின்னால் எலி வளை இருப்பது உண்டு. வயல் எலி கரையின் குறுக்கே தோண்டிய வளையில் நீர் புகுந்து, முதலில் விரல் கனம் கசிந்து, மண்ணை அரித்துக் கொண்டு பெரும் துளையாகி விடும். ஆகவே ஆடி, ஆவணியில் கண்மாய் வறண்டிருக்கும்போதே ஆயக்கட்டுக்காரர்கள் கரை நெடுகிலும் நடந்து பார்க்க வேண்டும். வளை போகும் வழியே தோண்டி, எலியைப் பிடித்து, ஈரக் களிமண்ணை ஒரு சாண் ஒரு சாணாக இட்டு, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வாயை மட்டும் மண் போட்டு மூடினால் பயனில்லை. கரையில் பெரிய அளவில் தோண்ட வேண்டியிருந்தால் கண்மாய்க்குப் பொறுப்பான நீர்வளத்துறை அல்லது ஊராட்சி ஒன்றிய அதிகாரிகளுக்குத் தெரிவித்த பிறகே செய்ய வேண்டும். கண்மாய்க்குள்ளும் நீரோட்டத்திலும் நஞ்சு வைக்கவே கூடாது. ஊர் மாடு குடிக்கும் தண்ணீர் அது.

நீர் நிறைந்த பிறகு கரையின் வெளிப்புறம் கசிவு தெரிந்தால் அந்த வாயைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது. அடைத்தால் நீர் வேறு இடத்தில் பீறிடும். வெளிப்புறக் கசிவைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே மணலும் சரளையும் கொட்டினால் மண் அரிபடாமல் நீர் மட்டும் தெளிந்து வரும். அதே சமயம் கரையின் நீர்ப்புறத்தில் நீர் உறிஞ்சப்படும் இடத்தைக் கண்டு அங்கே களிமண் மூட்டை போட வேண்டும். கசியும் நீர் கலங்கி வந்தால் ஆபத்து அதிகம். உடனே அதிகாரிகளுக்குச் செய்தி போக வேண்டும்.

வீடும் களமும் முற்றமும்

படப்பைத் தரையில் வேயாமல், கல் தூண் மேல் ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் பரண் அமைத்து வேய்ந்தால் அடியில் எலி தங்காது. நாயும் பூனையும் புகுந்து வர வழி இருக்கும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும். கதவின் அடிப்பகுதிக்குத் தகரம் அடிக்க வேண்டும். வீட்டு முற்றத்திலும் புல்தரையிலும் பெருச்சாளி தோண்டிய வளையில் நஞ்சு வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் இடம். கூண்டுப் பொறியில் கருவாட்டுத் துண்டோ, சுட்ட தேங்காயோ வைத்துப் பிடிக்க வேண்டும். பொறியை இரண்டு நாள் திறந்தபடியே தீனியுடன் விட்டு, மூன்றாம் நாள் விசையைப் பூட்டினால் தப்பாது விழும். பிடித்த பிறகு வளையில் கண்ணாடிச் சில்லும் சரளையும் போட்டுச் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக் காய்ச்சல் பரவும். மழைக் காலத்தில் காலில் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்க வேண்டாம். எலியை வெறுங்கையால் தொட வேண்டாம்.

ஊர்க் கூட்டு முயற்சிக்கு ஒரு திட்டம்

மே 1ம் தேதி கிராம சபை கூடுகிறது. அது சித்திரை மாதம். விதைப்புக்கு நாலைந்து மாதம் முன்பு. அங்கே இதைப் பேசி முடிவு செய்யலாம். ஒரே பரப்பாக உள்ள 50 ஏக்கரை ஓர் அணியாக எடுத்துக் கொள்ள வேண்டும். இடையில் உள்ள தரிசுகளின் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்தால் போனில் சம்மதம் கேட்டு அதையும் சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 20 உயிர் வளைகள் என்றால் 50 ஏக்கரில் 1,000 வளைகள். தேவையான நஞ்சுணவு 10 கிலோ: தானியம் 9 கிலோ 600 கிராம், எண்ணெய் 200 கிராம், மருந்து 200 கிராம். இந்தச் செலவை ஏக்கர் கணக்கில் பிரித்தால் ஒருவருக்கு விழும் பங்கு மிகச் சொற்பம். மருந்து கலப்பதை விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் ஒரே மாலையில் வைக்க வேண்டும், இதுவே முக்கியம். மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்யும் ஊரில் அதே தொகையை எலி பிடிப்பவர்களுக்குக் கூலியாகக் கொடுக்கலாம்.

சில ஐயங்கள்

சிமெண்டும் மாவும் கலந்து வைத்தால் எலி சாகும் என்கிறார்களே? வயல் அளவில் நம்பத் தக்க முறையாக இது பரிந்துரைக்கப்படுவதில்லை. வேலைதான் மெனக்கெடும்.

அலுமினியப் பாஸ்பைடு மாத்திரையை வளையில் போடலாமா? கூடாது. அதன் விற்பனையும் உபயோகமும் கட்டுப்படுத்தப்பட்டவை. பயிற்சி பெற்று அனுமதி உள்ளவர்கள் மட்டுமே கையாளலாம்.

வளையில் தண்ணீர் ஊற்றினால் போதுமா? கிணற்றுத் தோட்டத்தில் சிறு வளைக்குப் பலிக்கும். கரிசல் வெடிப்பில் எத்தனை குடம் ஊற்றினாலும் காணாது.

எலியை அடியோடு ஒழிக்க முடியுமா? முடியாது. விதைப்பின் போதும் கதிர் பிடிக்கும் போதும் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பதே நோக்கம். அதற்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையோ, அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். வரும் வைகாசியில் பொழியில் குச்சி நட்டு உயிர் வளைகளை எண்ணத் தொடங்குங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிக் கொண்டு எண்ணுங்கள்.